வெள்ளையம்மாள் படலைத் திறந்த நாள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் பயிற்சிக்காக என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். "கொஞ்சம் ஊக்கமா இருக்கிற மாதிரி எழுதுங்க மேடம்" என்று கூடவே ஒரு கோரிக்கை. கொல்லிமலை விவசாயிகளை மரம் நட வைக்கும் வேலையிலேயே எனக்குத் தலை நரைத்துவிட்டது. ஊக்கம் வேண்டுமென்றால் நம் அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும் போட்டோக்களைப் பாருங்கள். எல்லாம் நட்ட அன்றைக்கு எடுத்தவை. நட்ட அன்று எல்லாக் கன்றும் பச்சையாகத்தான் இருக்கும். எனக்குத் தெரிந்ததெல்லாம் போட்டோக்காரர் கீழே இறங்கிப் போன பிறகு நடந்தவை.

குழி எவ்வளவு ஆழம், எந்த மரத்துக்கு எவ்வளவு இடைவெளி என்பதையெல்லாம் வேறு யாராவது உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். அதில் சிரமம் ஒன்றும் இல்லை. என்னைப் படுத்தியதெல்லாம் ஆட்கள்தான்.

முதலில் ஒரு சின்ன விஷயம். மலையில் யாரும் உங்கள் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். நான் வேலைக்கு வந்த புதிதில் வாசலூர்பட்டிப் பக்கம் ஒரு விவசாயியிடம் போய்ப் பேசினேன். சில்வர் ஓக் மரம் வைத்தால் அதில் மிளகுக் கொடி ஏற்றலாம் என்றேன்; ஆமாங்க என்றார். பலா வைத்தால் மண் ஓடாது என்றேன்; அதற்கும் ஆமாங்க. மனம் குளிர்ந்து போய், கன்றுகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு வந்தேன். அடுத்த மாதம் போய்ப் பார்த்தால், அவர் வீட்டுக்குப் பின்னால் பாறை மேல் அத்தனை கன்றும் பையோடு வரிசையாக நிற்கின்றன. ஒன்றுகூட வாடவில்லை. தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

"ஏனுங்க, நடலீங்களா?" என்று கேட்டேன்.

"நீங்க ஆசையா கொண்டாந்து குடுத்தீங்க. வாட உடக்கூடாதுங்களே. நடறதுக்கு எடந்தான் இல்லீங்க" என்றார்.

நிலம் முழுவதும் மரவள்ளி போட்டிருந்தார். அதை எடுத்துவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அதைச் சொல்லி என் மனதை நோகடிக்க அவருக்கு விருப்பமில்லை. அன்றைக்குச் சிரித்துக்கொண்டே திரும்பினேன். அந்த ஆமாங்க வெறும் மரியாதை, சம்மதம் இல்லை என்பதை நீங்களும் ஒரு நாள் இப்படித்தான் கற்றுக்கொள்வீர்கள்.

இனிச் சொல்லப் போவதில் சிரிக்க ஒன்றுமில்லை.

மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. அப்படி அரியூர் நாட்டில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு பள்ளம் இறங்கி மேடு ஏறினால் ஒரு சிற்றூர் வரும். வெள்ளையம்மாள் அந்த ஊர். கணவன் சடையன் வருடத்தில் பெரும்பகுதி கேரளாவில் மிளகு பறிக்கும் வேலையில் இருப்பான். பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். அவர்களுக்கு மேலே ஒரு சரிவு நிலம், கீழே பள்ளத்தில் ஒரு சின்ன நெல் வயல். சரிவு முடிகிற இடத்தில் ஓர் ஊற்று. அந்த ஊற்றை நம்பித்தான் வயல்.

சரிவில் அவள் மாமனார் காலத்திலிருந்தே மரவள்ளி. ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் மலையேறி வந்து வாங்கிக்கொள்ளும் பயிர் என்பதால் யாரும் அதை விடுவதில்லை. ஆனால் கிழங்கைப் பிடுங்கும்போது மண் கிளறப்படுகிறது. அடுத்த மழை அதை வழித்துக்கொண்டு கீழே போகிறது. நான் முதல் முறை பார்த்தபோது அந்தச் சரிவில் பாதி இடத்தில் பாறை பல்லை இளித்துக்கொண்டிருந்தது. ஊற்றும் வருடத்துக்கு வருடம் மெலிந்துவந்தது. அது நின்றுபோனால் நெல் இல்லை. நெல் இல்லையென்றால் அவளும் மகளின் படிப்பை நிறுத்திக் கூட்டிக்கொண்டு பிழைக்கக் கிளம்ப வேண்டியதுதான். அந்த ஊரில் பல வீடுகள் ஏற்கெனவே அப்படிப் பூட்டிக் கிடந்தன.

வெள்ளையம்மாள் என்னிடம் ஆமாங்க சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்தது. நான் பேசி முடிக்கும் வரை பொறுத்திருந்துவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்.

"ஊத்து திரும்புமுங்களாக்கா?"

"சத்தியம் பண்ண முடியாது கண்ணு. மண்ணு நின்னா தண்ணி நிக்கும். அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றேன்.

அவள் ஒரு வாரம் யோசித்தாள். சடையனிடம் போனில் பேசினாள். அப்புறம் சரிவில் மரவள்ளியை நிறுத்தினாள். ஊரில் பைத்தியம் என்றார்கள். கல் பொறுக்கிக் குறுக்கே வரப்பு கட்டினோம். பலா, நெல்லி, சில்வர் ஓக் எல்லாம் வைத்தோம். சுற்றிலும் முள் வெட்டி வேலி போட்டு, வாசலுக்கு மூங்கில் படல் வைத்து அவளே கட்டினாள்.

அந்தப் படலைப் பற்றி உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். அந்த ஊர் வழக்கப்படி, சாமையும் கிழங்கும் வீடு வந்து சேர்ந்ததும் எல்லோரும் அவரவர் படலைத் திறந்துவிடுவார்கள். அதன்பின் அடுத்த விதைப்பு வரை ஊர் மாடு யார் நிலத்தில் வேண்டுமானாலும் மேயலாம். நிலம் இல்லாதவன் வீட்டு மாடும் பிழைப்பது இப்படித்தான். ஆனால் படலை நிலத்துக்காரர் கையால்தான் திறக்க வேண்டும். சாத்தியிருக்கிற அடுத்தவர் படலை யாரும் தொட மாட்டார்கள், வேலியையும் பிரிக்க மாட்டார்கள். பட்டினி கிடந்தாலும் தொட மாட்டார்கள்.

மரம் வைத்த நிலத்தில் மாட்டை விட முடியாது. அதனால் நான் ஊர்க்கவுண்டரைப் போய்ப் பார்த்தேன். அந்த ஊரில் அவர் சொல்தான் முடிவு. நிதானமான மனிதர், என்னை அம்மிணி என்று கூப்பிடுவார். கூட்டம் போட்டுப் பேசினார்.

"வெள்ளையம்மா படல் மட்டும் சாத்தியே இருக்கட்டும். கன்னு மாட்டு ஒசரம் தாண்டட்டும். அப்பறம் தெறந்துக்கலாம்" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மற்ற ஊர்களில் காவலுக்கு ஆள் போட்டும் கன்றுகளைக் காப்பாற்ற முடியவில்லை. இங்கே ஒரு மூங்கில் படலும் ஒரு வழக்கமும் போதும். அலுவலகத்தில் பெருமையாகச் சொன்னேன். அந்தச் சரிவு எங்கள் முன்மாதிரித் தோட்டமாயிற்று. முதல் மழைக்காலத்திலேயே வரப்புக்குப் பின்னால் மண் தங்கியது. இரண்டாம் மழைக்காலம் முடிந்தபோது ஊற்றில் குடம் மூழ்கியது. அதற்கு முந்தைய வருடம் அவள் செம்பால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். போன் போட்டு இதைச் சொன்னபோது அவள் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அப்புறம் ஐப்பசி மழை பொய்த்தது.

மலையில் மழை தவறும்போது முதலில் காய்வது மனிதர்கள் இல்லை, புல். தை முடியும்போது ஊரைச் சுற்றி எங்கும் ஒரு பச்சைப் புல் கிடையாது. ஒரே ஓர் இடத்தைத் தவிர. வெள்ளையம்மாளின் வேலிக்குள் புல் முழங்கால் உயரம் நின்றது. நாங்கள் மண்ணை நிறுத்தியிருந்தோம் அல்லவா, அந்த ஈரத்தில் வந்த புல். அவள் நிலம் தேறியதுதான் அவளுக்கு வினையாக வந்தது.

கவுண்டர் என்னை வரச் சொன்னார். கூட்டத்தில் நான் ஒரு வழி சொன்னேன். மாட்டை உள்ளே விடாமல், வீட்டுக்கு ஒருவர் அரிவாளோடு வந்து புல்லை அறுத்துக்கொண்டு போய்ப் போடட்டும். கன்றுக்கும் சேதமில்லை, மாட்டுக்கும் தீனி. நல்ல யோசனை. இன்றைக்கும் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அதைத்தான் சொல்லும். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். சில வாரம் நன்றாகவே நடந்தது.

ஆனால் மழை தவறிய வருடத்தில் உழைக்கத் தெம்புள்ளவர்கள் ஊரில் இருப்பதில்லை. ஒவ்வொரு வீடாக ஆட்கள் கேரளாவுக்கும் திருப்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். மாட்டோடு மிஞ்சியவர்கள் வயதானவர்களும் உடம்புக்கு முடியாதவர்களும். அந்தச் சரிவில் குனிந்து புல் அறுக்க அவர்களால் ஆகாது. வெள்ளையம்மாளின் ஓரகத்தி பாவாயி அவர்களில் ஒருத்தி. சடையனின் அண்ணன் மனைவி. புருஷன் இல்லை, இடுப்பெலும்பு ஒடிந்து சரியாகக் கூடாமல் போனவள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு பசு. வெள்ளையம்மாள் தன் மாட்டுக்கும் பாவாயி மாட்டுக்கும் இன்னும் அக்கம்பக்கத்து மாடுகளுக்கும் சேர்த்துத் தானே அறுத்துப் போட்டாள். முடிந்த வரை போட்டாள். பிறகு காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள்.

காய்ச்சலோடுதான் எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, மாடுக வந்து வேலியோரம் நிக்குதுங்க. காலையில வந்தா பொழுதோடதான் போகுதுங்க."

"யாராச்சும் தெறக்கச் சொன்னாங்களா கண்ணு?"

"யாரும் ஒண்ணும் கேக்கறதில்லீங்க்கா. கேட்டா சண்டயாச்சும் போடுவேன். மாட்டோட வந்து ஒக்காந்துக்கறாங்க. என்னையப் பாத்தா தலையக் குனிஞ்சுக்கறாங்க."

நாளைக்கு வாரேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்த கொஞ்ச நேரத்தில் தலைமை அலுவலக அதிகாரியிடமிருந்து இன்னொரு போன். நமக்குப் பண உதவி செய்கிறவர்கள் அந்த மாதம் மலைக்கு வருகிறார்களாம். "அந்த ஒரு தோட்டத்தை மட்டும் எப்படியாவது நிறுத்தி வைங்க மேடம். காட்டறதுக்கு நமக்கு வேற இல்லை." குரலில் அதிகாரம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. அது உண்மையும் கூட. காட்ட வேறு இல்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். கீழேயிருந்து லாரியில் வைக்கோல் ஏற்றினால்? விசாரித்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன், சமவெளியிலும் வறட்சி, அடிவாரத்தில் எங்கள் ஊரான பேளுக்குறிச்சிப் பக்கமே வைக்கோலுக்கு ஆள் அலைந்துகொண்டிருந்தது. கன்று ஒவ்வொன்றையும் முள்ளால் சுற்றிக் கட்டினால்? கட்ட ஆள் எங்கே?

போய்ப் பார்த்தேன். வேலியை ஒட்டி ஊர் மாடுகள் அத்தனையும் நின்றன. விலா எலும்பு எண்ணலாம் போல இருந்தது. மூக்கை முள்ளில் வைத்து உள்ளேயிருக்கும் பச்சையை மோந்துகொண்டிருந்தன. கிழவர்களும் பெண்களும் வெயிலில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். படலை ஒரு தட்டுத் தட்டினால் விழுந்துவிடும். அதற்குப் பக்கத்தில்கூட யாரும் போகவில்லை. பாவாயி தன் பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "வந்தீங்களா, தண்ணி குடிக்கறீங்களா?" என்றாள். எனக்கு அழுகை வந்தது. அவர்கள் சத்தம் போட்டிருக்கலாம், வேலியைப் பிய்த்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் நான் கன்றுகளின் பக்கம் நின்று பேசியிருப்பேன்.

வெள்ளையம்மாள் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு படலுக்கு உட்பக்கம் நின்றாள். கவுண்டரும் வந்தார். அவரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, ஒண்ணு பண்ணலாமுங்களா? பாவாயி மாடு, இன்னும் ரொம்ப முடியாதது நாலஞ்சு, அத மட்டும் உள்ள உட்டு ஓட்டியாந்தரலாம். ஆள் கூடவே நிக்கட்டும்."

அவர் ஒப்பவில்லை. "அம்மிணி, படல் தெறந்தா தெறந்ததுதானுங்க. உன்ற மாடு போலாம், உன்ற மாடு நில்லுன்னு நான் யாரைப் பாத்துச் சொல்றது? அப்படிச் சொல்ற நாளு வந்துட்டா அப்பறம் இந்த ஊருல எந்தப் படலும் நிக்காதுங்க."

அவர் சொன்னது சரி. அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த இடத்தில் எல்லோரும் சரியாகத்தான் பேசினார்கள். போனில் அதிகாரி சொன்னதும் சரி.

வெள்ளையம்மாள் என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. என்னால ஆகலீங்க."

உன் நிலம், உன் முடிவு என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். பயிற்சியில் உங்களுக்கும் அப்படித்தான் சொல்லித் தருவார்கள்: முடிவை விவசாயியிடமே விட்டுவிடுங்கள். கேட்க நன்றாக இருக்கும். காய்ச்சலில் நடுங்குகிற ஒருத்தி, தன் ஓரகத்தியின் மாடு கண்முன்னே சாவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அப்படிச் சொல்வதற்குப் பெயர் தப்பித்து ஓடுவது.

நான் யோசித்தது இதுதான். கன்றை மறுபடி நடலாம், செத்த மாடு எழுந்து வராது. நானும் பார்வையாளர்களும் கீழே இறங்கிப் போய்விடுவோம். அவள் இந்த மனிதர்களோடுதான் வாழ வேண்டும். நாளைக்கு அவளுக்கு ஒன்றென்றால் தூளி கட்டி ரோட்டுக்குத் தூக்கிப் போகிறவர்கள் இவர்கள்தான்.

"தெறந்துரு கண்ணு" என்றேன்.

அவள் படலின் கயிற்றை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்ததால் நேரம் பிடித்தது. உதவிக்கு யாரும் போகவில்லை, வழக்கம் அப்படி. படலைத் தூக்கி ஓரமாகச் சாய்த்துவிட்டு அவள் விலகி நின்றாள். மாடுகள் பாய்ந்து ஓடும் என்று நினைத்தேன். அவற்றுக்கு ஓடத் தெம்பில்லை. ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாக உள்ளே போயின. பின்னாலேயே ஆடுகளும் போயின. அன்று பொழுது சாய்வதற்குள் பலாக் கன்றுகளில் இலை இல்லை. நெல்லிகளை ஆடு குருத்தோடு கடித்திருந்தது. சில்வர் ஓக்கை மாடு தின்னாது. உடம்பைத் தேய்த்தே முறித்துவிட்டது. கல் வரப்புகள் குளம்பு பட்டுச் சரிந்தன.

அந்தப் புல் ஒரு வாரத்துக்கு வந்திருக்கும். அதற்கு மேல் வரவில்லை.

இத்தோடு முடிந்திருந்தாலாவது, மரத்தைக் கொடுத்து மாட்டைக் காப்பாற்றினோம் என்று உங்களிடம் சொல்லிக்கொண்டிருப்பேன். புல் தீர்ந்ததும் ஊரார் மாடுகளை விற்கத் தொடங்கினார்கள். வியாபாரியின் டெம்போ ஊருக்குக் கிட்டே வரை வந்து நின்றது. அவன் சொன்னதுதான் விலை. பாவாயியின் பசுவை ஏற்றும்போது அது வண்டியில் நிற்க முடியாமல் மடங்கி உட்கார்ந்துவிட்டது. "போனா போவட்டும், எங்கண்ணு முன்னால சாவாம இருந்தாச் சரி" என்று பாவாயி சொன்னாளாம். ஒரு வாரம் கூடுதலாக இருந்ததுதான் நாங்கள் அந்த மாடுகளுக்கு வாங்கித் தந்த ஆயுள்.

பார்வையாளர்களுக்கு வேறு ஊரில், ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நட்டிருந்த மரங்களைக் காட்டினார்கள். அதிகாரி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சித்திரையில் கோடை மழை கொட்டியது. எல்லோரும் வேண்டிக்கொண்ட மழைதான். மிதிபட்டு, புல்லின் வேர்கூட இல்லாமல் கிடந்த அந்தச் சரிவு ஒரே மழையில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. இரண்டு வருடமாக வரப்புக்குப் பின்னால் சேர்த்து வைத்த மண் அத்தனையும் நேராக ஊற்றில் போய் இறங்கியது. நான் போனபோது ஊற்று இருந்த இடத்தில் செம்மண் மேடு. வெள்ளையம்மாள் மண்வெட்டியால் தோண்டிக்கொண்டிருந்தாள். நானும் சேர்ந்து தோண்டினேன். கவுண்டரே வந்து மண்வெட்டி பிடித்தார். தோண்டத் தோண்டச் சேறுதான் வந்தது, தண்ணீர் கசியவில்லை.

சரியாக முடிவெடுத்தால் சரியாக நடக்கும் என்று உங்களுக்கு யாராவது சொல்லித் தந்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். நானும் வருடக்கணக்கில் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டேன். திறக்காதே என்று சொல்லியிருந்தால் மாடுகள் வேலியோரத்தில் செத்திருக்கும். அந்த ஊரில் அவளோடு யாரும் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டார்கள். ஊற்று ஒருவேளை இருந்திருக்கும். அந்த ஒருவேளையை வைத்துக்கொண்டு எனக்கு இன்னும் தூக்கம் கெடுகிறது. ஆனால் மறுபடி அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினாலும் என் வாயில் அதே வார்த்தைதான் வரும். இதில் உங்களுக்கு என்ன பாடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. வேண்டுமானால் ஒன்று சொல்கிறேன். மரம் வைப்பதற்கு முன் ஊர் மாடு எதைத் தின்னும் என்று கேளுங்கள். மழை இருக்கும் வருடத்தில் கேட்காதீர்கள், மழை தவறும் வருடத்தில் என்ன தின்னும் என்று கேளுங்கள். அதற்குப் பதில் கிடைக்காத ஊரில் கன்றை இறக்காதீர்கள். அப்படிப் பார்த்தால் பல ஊர்களில் நமக்கு வேலையே இருக்காது. அது எனக்கும் தெரியும்.

பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் வெள்ளையம்மாள் கிளம்பினாள். சரிவைச் சமவெளிக்காரர் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டாயிற்று. அவர் மரவள்ளி போடப் போகிறார். தகவல் தெரிந்து நான் அரியூர் நாட்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். அவள் ஒரு மூட்டையோடும் மகளோடும் நின்றிருந்தாள். அந்தப் பெண் புதுச் செருப்பு போட்டிருந்தது. திருப்பூரில் ஒரு கம்பெனியில் அம்மாவுக்கும் மகளுக்கும் சேர்த்தே வேலை சொல்லியிருக்கிறார்களாம். மகளின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இத்தனை வருடம் நான் எல்லோரிடமும் பேசிய பேச்சுதான் வாயில் வந்தது.

"குத்தக முடிஞ்சதும் வா கண்ணு. மறுபடி வெக்கலாம். கன்னு நான் கொண்டாறேன். இந்தத் தடவ கொஞ்சம் கவனமா இருந்துக்கலாம்."

அவள் கோபப்படவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, காய்ச்சல்காரியிடம் பேசுவது போல மெதுவாகச் சொன்னாள்:

"வேண்டாமுங்க்கா. வெச்சா, மறுபடியும் மாடு வந்து நின்னா, நான் தெறந்துதான் உடுவேன்."